பட்டியலுக்கு வெளியே நிற்கும் நூல்கள்

தமிழில் ஒரு நூல் அச்சேறுவதற்கும் அது தனக்குரிய வாசகரைச் சென்றடைவதற்கும் இடையே சில வேளைகளில் ஒரு தலைமுறையே கழிந்துவிடுகிறது. அதிகம் அறியப்படாத எழுத்தாளர்கள் அந்த இடைவெளியைக் கடக்க விளம்பரமும் விருதும் துணைநின்றதைவிடச் சிறுபத்திரிகையும், விமர்சகரின் பரிந்துரையும், தனிமனிதரின் சேகரிப்பும் துணைநின்றதே மிகுதி. ஆனால் இவற்றுள் முதலிரண்டும் கவிதைக்கும் இலக்கியப் புனைவுக்கும் ஆற்றிய தொண்டைத் துப்பறியும் கதைக்கோ இயற்கையியல் கட்டுரைக்கோ ஆற்றவில்லை என்பது தமிழ் வாசிப்பின் வரலாற்றில் இன்னும் போதிய கவனம் பெறாத ஒரு குறையாகும்.

குறைந்த படிகளே அச்சிட்டு, விற்பனையைவிட எழுத்தின் தரத்தையும் புதுமையையும் முதன்மையாகக் கொண்டு நடத்தப்படும் இதழே சிறுபத்திரிகை எனப்படுகிறது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இவ்வகையில் தலையாயது. திருகோணமலையிலிருந்து எழுதிய, அப்போது இருபது வயதை ஒட்டியிருந்த தருமு சிவராம், பின்னாளில் பிரமிள் என்னும் கவிஞராகப் புகழ்பெறுவதற்கு வழி திறந்தது இவ்விதழே. செல்லப்பா தாம் பதிப்பித்த நூல்களைக் கட்டாகச் சுமந்து, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். ஆசிரியரும் பதிப்பாளரும் விற்பனையாளரும் ஒருவராகவே இருந்த அந்த உழைப்பு இல்லையெனில் தமிழ்ப் புதுக்கவிதை வேரூன்ற இன்னும் நெடுங்காலம் பிடித்திருக்கும்.

விமர்சகரின் பரிந்துரை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ சான்றாகும். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் வேலை தேடி இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று, இரண்டாம் உலகப் போருக்குப்பின் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றிய சிங்காரம், எழுதியவை இரண்டே நாவல்கள். அப்போர்க்காலத் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த தமிழரின் வாழ்வைக் களமாகக் கொண்ட இந்நாவல், எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே, 1972இல் நூலாயிற்று. வெளிவந்தபின்னும் அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. சி. மோகன் முதலிய விமர்சகர்கள் விடாமல் எடுத்துச் சொன்னதன் பயனாக இன்று அது தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. எனினும், 1997இல் மறைந்த ஆசிரியர் இந்தப் புகழின் பெரும்பகுதியைக் காணவில்லை.

விமர்சகரின் பட்டியல் ஒரு நூலை உள்ளே அழைக்கும்போதே வேறு பலவற்றை வெளியே நிறுத்தியும் விடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்திரளான வாசகரைக் கவர்ந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஆரணி குப்புசாமி முதலியாரும், ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தியபடியே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய வை. மு. கோதைநாயகியும் இன்று பெரும்பாலான வாசகருக்குப் பெயர்களாக மட்டுமே எஞ்சியுள்ளனர். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் நிலையும் இதுவே. பிரீத்தம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் அத்தகைய கதைகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே இலக்கிய ஏடுகளின் பார்வை அவற்றின் மீது விழுந்தது.

புனைவல்லாத எழுத்தில் இழப்பு இதனினும் பெரிது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பல்லாண்டுகள் எழுதிய ஆங்கிலப் பத்தியால் நாடறிந்த இயற்கையியலாளரானார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளோ இதழ்களின் பழைய தாள்களில் புதைந்து கிடந்தன. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ வெளிவந்தபோதுதான், பறவைகளைப் பற்றி அறிவியல் பிசகாமலும் நடை வறளாமலும் தமிழில் எழுதிய ஒருவர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியவந்தது. அவர் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் நாவலையும் எழுதியவர். ஒரே எழுத்தாளர் இரு துறைகளில் நிற்கும்போது ஒன்றின் வாசகர் மற்றொன்றை அறியாமலே போவது இவ்வகையில் நேர்கிறது.

இலக்கியத் தரம் பார்க்காமல் சேர்த்து வைத்தவர்களின் அருமை இங்கேதான் விளங்குகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக அறிவிப்புகளையும், திருமண அழைப்பிதழ்களையும், சந்தையில் அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களையும் அவர் ஒரே கவனத்துடன் திரட்டினார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்திரட்டை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஈழத்து எழுத்துகளுக்கு இத்தகைய பணியை 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் மின்வழியே செய்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட வரலாற்றை அறிந்தவர்க்கு அதன் அவசியம் சொல்லாமலே புரியும்.

பழைய நூல்களின் நிலை இது. புதியவற்றிலோ, தேவைக்கேற்பச் சில படிகள் மட்டும் அச்சிடும் முறை பரவியதால், அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் ‘நூலக ஆணை’யை எதிர்பாராமலே இன்று எவரும் நூல் வெளியிட முடிகிறது. ஆனால் நூல்கள் பெருகிய அளவுக்கு அவற்றைத் தேடும் வழிகள் பெருகவில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்குகள் பதிப்பகத்தின் பெயரால் அமைகின்றனவேயன்றிப் பொருளால் அமைவதில்லை. ஆதலால் சிற்றூர் ஆசிரியர் ஒருவர் தம் ஊர் ஏரிகளைப் பற்றி எழுதிய நூலை விரும்பும் வாசகர், அதை வெளியிட்டவரின் பெயரை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதாகிறது. துறைவாரியான விளக்கப் பட்டியல் ஒன்றும், புனைவல்லாத சிறுநூல்களுக்கு ஒழுங்காக மதிப்புரை எழுதும் ஓர் இதழும் அமைந்தால் இந்நிலை மாறும். இவ்விரண்டுக்கும் பெரும் பொருட்செலவும் தேவைப்படாது.