அம்மா போனுக்கு ஒரு தாழ்ப்பாள்

பிள்ளைகளின் போன் பாதுகாப்பு என்றால் எல்லோரும் கூகுளின் ஃபேமிலி லிங்கைத்தான் கைகாட்டுகிறார்கள். 2017இல் வந்தது, இலவசம், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு, தனி போன் இருந்தால்தான் அதற்கு முழு வேலை. யுகேஜி பிள்ளைக்குத் தனி போன் யார் வீட்டில் இருக்கிறது? அது நோண்டுவது அம்மா போனை. பேங்க் ஆப், யூபிஐ, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அதற்குள்தான்.

அதனால் இந்த முறை ஆப் பின்னிங், அதாவது போனை ஒரே ஆப்புக்குள் பூட்டி வைப்பது. 2014இல் ஆண்ட்ராய்டு 5 வந்தபோதே கூட வந்த வசதி. பத்து வருஷத்துக்கு மேலாகியும் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. என் மனைவியின் போன் சில வாரங்களாக இப்படித்தான் மகள் கைக்குப் போகிறது. யூடியூப் கிட்ஸைத் திறந்து, கடைசியாகத் திறந்த ஆப்கள் வரிசையாக நிற்கும் திரைக்குப் போய், அதன் ஐகானைத் தொட்டு 'பின்' கொடுத்தால் முடிந்தது. அப்புறம் அவள் எந்தப் பக்கம் இழுத்தாலும் வாட்ஸ்அப்புக்கு வழி கிடையாது. நோட்டிபிகேஷன்கூட எட்டிப் பார்க்காது. ஆபீஸ் குரூப்பில் யானை ஸ்டிக்கர் விழுவது நின்றுவிட்டது.

எரிச்சல் இதை ஒளித்து வைத்திருக்கும் இடத்தில். செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் எங்கோ அடியில், கம்பெனிக்கு ஒரு மூலையில். கண்டுபிடித்து ஆன் செய்தாலும் போதாது. வெளியேறும்போது லாக் நம்பர் கேட்கச் சொல்வது இன்னொரு சுவிட்ச். அதைப் போடாவிட்டால் விரலை மேலே இழுத்துப் பிடித்தாலே ஆப் விடுபட்டுவிடும். இப்படிச் செய்தால் வெளியே வரலாம் என்று திரையே ஒரு வரியில் சொல்லியும் கொடுக்கிறது! எழுத்துக் கூட்டி வாசிக்கும் வயது வரைக்கும்தான் நிம்மதி.

பின் செய்த ஆப் வேறு ஆப்களைத் திறக்கலாம் என்றும் அதே திரை எச்சரிக்கிறது. இலவச கேம்களின் விளம்பரம்தான் இதில் வில்லன். பிளே ஸ்டோரில் 3+ என்று போட்டிருந்தால் அந்த கேமில் கார்ட்டூன் அடிதடியைத் தாண்டிய வன்முறை இல்லை, ஆபாசம் இல்லை என்பதோடு சரி. விளம்பரம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 'விளம்பரங்கள் உள்ளன' என்று பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அப்படிப்பட்டவற்றை அழித்துவிட்டு, பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டேன்.

ஐபோனில் இதே வேலைக்கு கைடட் ஆக்சஸ் உண்டு, 2012லிருந்து. பட்டனை மூன்று தடவை தட்டி, திரையில் எந்த இடத்தைத் தொடக்கூடாதோ அதை விரலால் வட்டம் போட்டால் அந்த இடம் மரத்துப்போகும். எத்தனை நிமிஷம் என்றும் வைக்கலாம். பரம ஆண்ட்ராய்டு பக்தனான எனக்கே வயிறு எரிகிறது.

அடுத்தது தாத்தா போன். அதில் லாக்கே கிடையாது. போடச் சொன்னால், "மறந்துபோவேன்டா" என்கிறார். லாக் நம்பரே இல்லாத போனில் பின்னிங் எதைக் கேட்கும்?