பட்டாளத்துக்காரரின் படங்கள்

கையில் துப்பாக்கி பிடித்தவருக்குச் சித்திரம் எதற்கு?

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியின் கைக்கு வந்தன. அந்தப் போரில் இருந்த காப்டன் அலெக்ஸாண்டர் ஆலன், 1794-இல் மைசூர் நாட்டுக் காட்சிகளை லண்டனில் படப் புத்தகமாக வெளியிட்டார். தொழில் ஓவியர்களான டேனியல்கள் ராயக்கோட்டையை வரைந்ததும் அந்த 1792-இல்தான். அவர்களுக்கு அவகாசம் இருந்தது, பட்டாளத்துக்காரருக்கு ஏது? பாஸ்டல் அவருக்கு ஒத்துவராது. தொட்டால் பொடி உதிரும். கண்ணாடி போட்டுக் காக்கவேண்டும். பென்சிலும் நீர்வர்ணமும்தான் அணிவகுப்பு மூட்டையில் அடங்கும்.

ஊல்விச் ராணுவப் பள்ளியில் பால் ஸாண்ட்பி 1768 முதல் சித்திரம் கற்பித்தாரே, ரசனை வளர்க்கவா? இல்லை, நிலத்தின் மேடு பள்ளத்தைக் கண்ணால் அளக்க. ஆகவே அந்தக் கண், மலையைப் பார்த்தால் முதலில் எங்கே ஏறலாம் என்றுதான் தேடும். நாமக்கல் மலையில் நமக்குத் தெரிவது நரசிம்மர்; அவருக்குத் தெரிவது மேலே இருக்கும் மதில்.

இருந்தாலும் ஒன்று. மதிலை வரைவது உத்தரவு. அதன் அடியில் நிற்கும் புளியமரத்தையும் சேர்த்து வரைந்தால், அது ஆசை. பீரங்கிக்கு அந்த மரத்தால் பிரயோஜனமில்லை. பகைவன் வரைந்ததாயினும், அந்த மரத்துக்காக நான் படத்தை மன்னித்துவிடுவேன், மதிலுக்காக அல்ல.