கொல்லைப்புறக் கடவுள்

சிறுகதைப் போட்டி என்று அறிவித்தால் போதும், நாட்டிலே எத்தனை பேனாக்கள் விழித்தெழுகின்றன! ஆலையிலே உழைத்துக் களைத்தவர், அடுப்படியிலே பாதி நாளைக் கழித்த நங்கை, ஊரடங்கிய பின்னும் உறங்காத மாணவர் ஆகியோர் அனுப்பிய கதைகளை நடுவராக அமர்ந்து படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அக்கதைகளிலே ஆர்வம் இருக்கிறது, அன்பு இருக்கிறது, அநீதி கண்டு பொங்கும் ஆத்திரமும் இருக்கிறது. எழுதியோரிலே பலர் பகுத்தறிவை நேசிப்போர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. எனினும், படித்து முடித்ததும் ஒரு கேள்வி நம் உள்ளத்தை உறுத்திற்று. இக்கதைகளை முடித்து வைத்தது யார்? எழுத்தாளரா, இடியா?

விளங்கச் சொல்வோம். ஏழையின் நிலத்தைப் பறித்த மிராசுதார், கடைசிப் பக்கத்திலே இடி விழுந்து மாள்கிறார். விதவையைத் தூற்றிய புரோகிதரை நாகம் தீண்டுகிறது. வட்டிக்கடைக்காரர் வீட்டிலே தீப்பிடிக்கிறது. காதலரைப் பிரித்த தகப்பனாருக்குப் பக்கவாதம்! கொடியவர் ஒழிந்தனர் என்று கதாசிரியர் களிக்கிறார். நாம் கேட்கிறோம்: தோழரே, அந்தப் பாம்பை அனுப்பியது யார்? புற்றிலே கிடந்த பாம்புக்குப் புரோகிதரின் குற்றப் பட்டியலைப் படித்துக் காட்டியது எவர்? தெய்வம் நின்று கொல்லும் என்று புராணிகர் சொன்னால் நகைக்கிறோம். நம் கதையிலேயோ தெய்வம் நிற்கக்கூட இல்லை, ஓடோடி வந்து கொல்கிறது! வாசலிலே கடவுளைத் தடுத்து நிறுத்திவிட்டு, கொல்லைப்புறக் கதவைத் திறந்து, பாம்பு வேடத்திலே உள்ளே அழைத்து வருவதற்குப் பெயர் பகுத்தறிவா?

இன்னொரு வகை அற்புதமும் உண்டு. சாதிவெறி பிடித்த தந்தை, மகன் பொழியும் ஒன்றரைப் பக்கச் சொற்பொழிவைக் கேட்கிறார், கண்ணீர் வடிக்கிறார், மறுவரியிலே மணமேடை! நாடறிந்த வரலாறு வேறு. முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது 1928-ஆம் ஆண்டிலே. அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் என்றாக்கியது 1967-ஆம் ஆண்டின் சட்டம். இடையிலே 39 ஆண்டுகள்! எத்தனை ஏச்சு, எத்தனை வழக்கு! தந்தை மாறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதனால் மாறினார்? மகள் போன பின் வெறிச்சோடிய வீடா? சாதிக்காரர் கேட்ட கடனுக்கு வட்டியா? காரணத்தைக் காட்டுக என்கிறோம். மந்திரத்தால் மாங்காய் விழாது என்றவர்கள், சொற்பொழிவால் மட்டும் விழுத்தலாமோ?

அண்ணா அவர்களின் 'செவ்வாழை'யை நினைவுகூர்வோம். செங்கோடன் பிள்ளைபோல் வளர்த்த மரத்தின் குலை, பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. குழந்தைகளின் ஆசை கருகுகிறது. மரமோ இறுதியிலே பாடை கட்டத்தான் பயன்படுகிறது. பண்ணையார் தலையிலே இடி விழுந்ததா? இல்லை. அதனாலன்றோ அந்தக் குலை இன்றளவும் நம் நெஞ்சிலே கனக்கிறது!

"கொடியவன் தப்பிவிட்டால் படிப்பவர் சோர்ந்துவிட மாட்டாரா?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். நாம் சொல்வோம்: கதையிலே விழும் இடி, மிராசுதாரை மட்டும் எரிப்பதில்லை, வாசகரின் சினத்தையும் சேர்த்தே எரித்துவிடுகிறது. கணக்குத் தீர்ந்தது என்று ஏட்டை மூடிவிட்டு அவர் நிம்மதியாக உறங்குகிறார். தீராத கணக்கே அவரை எழுப்பும்.

அற்புதமே ஆகாது என்பதா நம் கட்சி? அன்று. 1833-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரத்து வார ஏடு ஒன்று நடத்திய போட்டியிலே, எட்கர் ஆலன் போ என்ற 24 வயது ஏழை இளைஞர் 50 டாலர் பரிசு பெற்றார். புட்டியிலே கிடைத்த கையெழுத்துப் படி என்னும் அக்கதை, பேய்க் கப்பலைப் பற்றியது! ஆனால் அங்கே அதிசயமே கதையின் பொருள். மூடநம்பிக்கைக்கு எளிதில் ஆட்படாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன், தான் கண்டதை அடுக்கடுக்காக எழுதி வைக்கிறான். வழக்கைத் தீர்க்க வந்த கூலிப் பேயல்ல அது. அதே போட்டியின் கவிதைப் பரிசோ வேறொருவருக்குப் போயிற்று. புனைபெயரில் ஒளிந்திருந்த அவர், அவ்வேட்டின் ஆசிரியரே என்பது பிறகு தெரிந்தது! நடுவராக அமர்வோர்க்கு இதிலே பாடமுண்டு. ஆள் யாரெனப் பாராதீர். 'நம்மவர்' என்பதும், 'நம் கொள்கை' என்பதும்கூடப் பரிந்துரைக் கடிதங்களே. கடிதத்தை ஒதுக்கிக் கதையைப் படியுங்கள்.

நாம் முதற்பரிசுக்குத் தேர்ந்த கதையிலே இடியுமில்லை, பாம்புமில்லை. ஒரு தேநீர்க்கடை. 'அவர்களுக்கு' உரிய குவளைகளின் அடியிலே சிவப்புப் புள்ளி. கழுவும் சிறுவன் சாம்பலிட்டு அழுத்தித் தேய்க்க, புள்ளிகள் அழிந்துவிடுகின்றன. எது எவருடைய குவளை? கடைக்காரருக்கே தெரியவில்லை! குடிக்க வந்தோர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். மறுநாள் சாயம் வாங்கிவரச் சிறுவனிடம் காசு தருகிறார் கடைக்காரர். காசைக் கையிலே வைத்துக்கொண்டு அவன் தெருவிலே நிற்கிறான். அத்துடன் கதை முடிகிறது. எழுத்துப் பிழை ஏராளம், நடையும் தடுமாறுகிறது. என்றாலும் அந்தச் சிறுவன் இன்னும் நம் கண்ணெதிரே நிற்கிறான். சாதி எத்துணைப் பொய் என்பதை ஒரு பிடி சாம்பலிலே காட்டிவிட்ட கதைக்குச் சொற்பொழிவு எதற்கு?

அடுத்த போட்டிக்கு எழுதவிருக்கும் இளைஞர்காள்! வேதத்தையும் புராணத்தையும் "ஏன்? எப்படி?" என்று கேட்ட நாவினால், உங்கள் கதையின் கடைசிப் பக்கத்தையும் கேளுங்கள். விடை வராவிடில் அப்பக்கத்தைக் கிழித்தெறிந்து மீண்டும் எழுதுங்கள். வாசற்கதவை அடைத்தாயிற்று, நன்று. கொல்லைப்புறத்தையும் தாழிடுங்கள்!