முடிவு தெரிந்த பிறகும்

'எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று ஒரு பழைய படத்தைப் புகழும்போது, பெரும்பாலும் அந்தப் படத்தின் ஒரு காட்சியைத்தான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். வாசனின் 'சந்திரலேகா' (1948) என்றதும் முரசு நடனம் நினைவுக்கு வருகிறது. அந்த முரசுகளை எட்டுவதற்கு முன் கடக்க வேண்டிய நீண்ட ராஜா ராணிக் கதையை விரும்பி மறுபடி உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மிகச் சிலர். காட்சியை மறுபடி பார்ப்பது வேறு, படத்தை மறுபடி பார்ப்பது வேறு. முன்னது ரசனை, பின்னது ஏறக்குறைய ஒரு தீர்ப்பு. கதையின் முடிவு தெரிந்துபோய், திருப்பங்களின் வலு தீர்ந்த பிறகும் ஒரு படம் முழுமையாக நம்மைப் பிடித்து வைக்கிறது என்றால், அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான சோதனை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954). கொலை செய்தவர் யார் என்ற ஒரே கேள்வியில் நிற்கும் படம் அது. விடை தெரிந்த பிறகு அதில் மிஞ்சுவது என்ன என்று பார்ப்பதே அதன் தரத்தை அளக்கும் வழி. 1943 அக்டோபரில் ஜப்பானியர் குண்டு வீசிய சென்னையில் ரேடியோ பொறியாளர் ராஜன் சுடப்பட்டு விழுகிறான். படத்தின் தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் செத்துப்போகிறார். நட்சத்திரத்தை முதல் காட்சியில் கொல்லவும், பாட்டோ நடனமோ இல்லாமல் ஒரு முழுப் படத்தை நடத்தவும் அன்று ஏவி.எம். காட்டிய துணிச்சலைச் சரித்திரம் ஏற்கெனவே பாராட்டிவிட்டது. முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை என்பதையும் அதே சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. துணிச்சல் சரித்திரத்துக்குரிய மதிப்பு. மறுபார்வையில் அது உதவிக்கு வராது.

குரோசாவாவின் 'ரஷோமான்' தந்த தூண்டுதலைச் சொல்லியே இந்தப் படத்தை அளப்பது வழக்கம். அந்த ஒப்பீடு இதற்கு நன்மை செய்யவில்லை. 'ரஷோமா'னில் ஒரே நிகழ்ச்சியின் வாக்குமூலங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன, உண்மை கைக்குச் சிக்குவதே இல்லை. 'அந்த நா'ளில் சந்தேகத்துக்கு உள்ளான ஒவ்வொருவரும் அடுத்தவர்மேல் பழி போடுகிறார்களே தவிர, அவர்கள் காட்டும் ராஜன்கள் முரண்படுவதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மனிதனாகிறார்கள். இது துப்பறியும் கதையின் கட்டமைப்பு, அதுவும் நேர்த்தியான கட்டமைப்பு. தத்துவத்தை அதன் தோளில் ஏற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

மனைவி உஷாவின் கையில் இருந்த துப்பாக்கிதான் வெடித்தது என்று தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்க்கும்போது படம் உண்மையிலேயே வளர்கிறது. (எழுபது ஆண்டு கழித்தும் இந்த ரகசியத்தைக் காக்கும் கடமை விமர்சகனுக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.) முதல் முறை வெறும் துக்கமாகத் தெரிந்த பண்டரிபாயின் முகம் இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கணக்கோடு அமைதி காப்பது புரிகிறது. மாருதி ராவின் ஒளியமைப்பு, அந்த முகத்தில் பாதியை நிழலுக்கு ஏன் விட்டது என்பதும் விளங்குகிறது. சிவாஜியோ குரலை அடக்கி, தன் திறமையைச் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற புண்ணை எதிரிக்குத் தகவல் விற்கும் நியாயமாக ராஜன் மாற்றிக்கொள்ளும் விதத்தை நிதானமாகக் காட்டுகிறார். அதற்கடுத்த பார்வைகளில்தான் குறை தலை காட்டத் தொடங்குகிறது. ஜாவர் சீதாராமன் எழுதிய திரைக்கதை செறிவானது. அவரே ஏற்று நடித்த துப்பறியும் அதிகாரி சிவானந்தமோ, நாம் கண்ணால் கண்டதை வாயாலும் சொல்லிவிடுகிறார். புதிர் உயிரோடு இருக்கும்வரை விளக்கம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். புதிர் தீர்ந்த பிறகு விளக்கம் வெறும் நேரம். 'அந்த நாள்' மறுமுறை பார்க்கத் தக்க படம், அதில் ஐயமில்லை. மறுபடி மறுபடி என்று சொல்வதற்குத்தான் எனக்குத் தயக்கம்.

ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நேர் எதிரான சிக்கலைக் கொண்டு வருகிறது. இங்கே முடிவைப் பற்றி முதல் முறையே யாரும் கவலைப்படவில்லை. நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் சேர்வார்கள் என்பது திரை விலகும்போதே தெரியும். ஆகவே இந்தப் படம் நிகழ்ச்சிகளின் வளத்தை மட்டுமே நம்புகிறது, முதல் பாதியில் அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். உருவம் கொடுத்தவர் சிவாஜி. உப்பும் கன்னமும் புடைக்கும் கழுத்தும் மூச்சை எடுக்கும் இடமும் விரல் நகர்வும் ஒலியோடு ஒன்றிப்போவதை, கேட்பதை மறந்து பார்க்கவும் முடிகிறது, பார்ப்பதை மறந்து கேட்கவும் முடிகிறது. தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்பவனைக் குறிவைத்து மோகனா ஆடும் பாட்டில், பொருள் ஒரே சமயத்தில் சந்நிதிக்கும் தூணுக்கும் போகிறது. பத்மினியின் கண் அந்த இரட்டை வேலையைச் சிந்தாமல் செய்கிறது. இரு குழுவும் ஒரே பெட்டியில் போகும் ரயில் பயணத்தில் மோகனாவின் தாயாக சி.கே. சரஸ்வதியின் வடிவாம்பாள் நடுவே காவல் இருக்க, காதல் வாய் திறக்காமல் நடக்கிறது. இந்தப் பகுதிகளை நம் படங்களின் உச்சங்களோடு வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

பின்பாதிதான் வழக்கைக் கெடுக்கிறது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை இது. வாரந்தோறும் ஒரு புதுத் தடை தொடர்கதைக்குத் தேவை, திரைப்படத்துக்கு அது சுமை. சிங்கபுரம் மைனர் ஆசைப்படுகிறார், சவடால் வைத்தி தரகு பேசுகிறார், மோகனா தப்புகிறாள். மதன்பூர் மகாராஜா ஆசைப்படுகிறார், மறுபடி வைத்தி, மறுபடி தரகு. ஒரே நிகழ்ச்சி பெரிய அரண்மனையில் இன்னொரு தடவை நடக்கிறது, அவ்வளவே. இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. சண்முகசுந்தரத்தின் கலைச் செருக்கும் மோகனாவைச் சந்தேகிக்கும் அவனுடைய ஆண் செருக்கும் வெவ்வேறு. படம் இரண்டையும் ஒரே குணமாக எண்ணி ஒரே தட்டில் வைத்துக் கொண்டாடுகிறது. முதல் செருக்கு அவனுக்குப் பெருமை சேர்க்கிறது, இரண்டாவது விசாரணைக்கு உரியது. அந்த விசாரணையை நாகராஜன் நடத்தவே இல்லை. பார்க்கப் பார்க்க இந்த இடம் மேலும் உறுத்துகிறது. விளைவு, நாம் 'தில்லானா'வைத் துண்டு துண்டாக நேசிக்கிறோம். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வரும் இடங்களைத் தேடிப் போகிறோம், மதன்பூரைத் தாண்டிப் போகிறோம்.

வைத்தியாக வரும் நாகேஷும், தவில் வித்துவான் முத்துராக்காக வரும் டி.எஸ். பாலையாவும் அதற்கு நான்கு ஆண்டு முன்பே இன்னொரு படத்தில் சேர்ந்திருந்தார்கள். என் வாதம் போய்ச் சேரும் இடம் அந்தப் படம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) சிரிப்புப் படம் என்ற ஒரே காரணத்தால் நம் திறனாய்வு அதற்கு எப்போதும் ஓரத்து இருக்கையையே கொடுத்து வந்திருக்கிறது. 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று கண்ணீரில் பெயர் வாங்கிய இயக்குநரின் விடுமுறைக் காரியம் போலவே அதைப் பேசுகிறோம். அதன் கட்டமைப்பைப் பிரித்துப் பார்த்தால் விடுமுறைக்கான சோம்பல் எங்கும் தென்படாது.

பாலையா ஏற்ற சின்னமலை எஸ்டேட் விசுவநாதனுக்கு ஒரே பலவீனம், பணம். எல்லாமே அந்த ஒன்றிலிருந்து முளைக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட அசோக் கோடீசுவரர் வீட்டுப் பிள்ளையாக நடிக்கிறான். நண்பன் வாசு அந்தக் கற்பனைக் கோடீசுவரராகவே நரையும் இருமலுமாக வந்து இறங்குகிறான். தான் காதலிக்கும் பெண் அதே வீட்டின் மூத்த மகள் என்பது வேடம் கட்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. மகன் செல்லப்பாவோ (நாகேஷ்) கையில் காசே இல்லாமல் ஓஹோ புரொடக்ஷன்ஸ் என்ற படக் கம்பெனி நடத்துகிறான். மூன்று இழைகளிலும் நடப்பது ஒன்றே: இல்லாததை இருப்பதாக நடித்துக் காட்டுவது. கிளைக்கதை என்று ஒதுக்கப்படும் நாகேஷ் பகுதி உண்மையில் படத்தின் மையப் பொருளை வெளிப்படையாகச் சொல்லும் பகுதி. சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் சேர்ந்து செய்த இந்த நெசவில் ஒருமை இருக்கிறது, அந்த ஒருமை கண்ணை உறுத்தவும் இல்லை.

செல்லப்பா தகப்பனுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எல்லாரும் அறிவார்கள். அந்தக் கதையில் கதையே இல்லை என்பதைச் சிலரே கவனித்திருப்பார்கள். நாகேஷ் கொடுப்பது ஓசையும் இடைவெளியும் மட்டுமே. படத்தை மனதுக்குள் எடுக்கிறவர் பாலையா. இருவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும்போது நம் கண் சொல்பவனை விட்டுக் கேட்பவரிடம் தானாக நகர்கிறது. அலட்சியம் ஆவலாகிறது, ஆவல் நடுக்கமாகிறது. 'சதி லீலாவதி' (1936) காலம் தொட்டு வில்லத்தனத்தில் பழகிய அந்த முகம், பயமுறுத்திய அனுபவம் முழுவதையும் பயப்படுவதற்குச் செலவிடுகிறது. அடுத்து வரப்போவது இன்ன ஒலி, இன்ன முகம் என்று நமக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்தும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு திருப்பத்தில் இல்லாமல் இருவருக்கும் இடையிலான தாளத்தில் இருப்பதே காரணம். 1966இல் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இந்தியில் இதே காட்சியைச் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். ஒரு காட்சி மொழி தாண்டியும் நிற்பது அதன் கட்டுமானத்துக்குக் கிடைக்கும் சாட்சி.

இதே இருவரையும் 'தில்லானா'வோடு ஒப்பிட்டால் முறையின் வேறுபாடு தெரியும். வைத்தியாக நாகேஷ் காட்டும் நடிப்பு செல்லப்பாவைவிட நுட்பமானது என்றுகூட வாதிடலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் வைத்தி கதையை நகர்த்தும் ஏவலாள். ஒவ்வொரு தடவையும் அதே வேலைக்கு அவரை அனுப்புகிறார்கள். செல்லப்பாவைக் கதை எந்த வேலைக்கும் அனுப்புவதில்லை, ஆனாலும் அவன் இல்லாவிட்டால் கதைக்கு அர்த்தமே மாறிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மகள்களாக வரும் காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் காதலிப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் அவர்களிடம் புதிதாக எதுவும் கிடைக்காது. நிதானமாகக் கட்டிய முடிச்சுகள் இறுதியில் அவசரமாக அவிழ்கின்றன. பணத்தாசையைக் கேலி செய்யும் படம், வாசுவை உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளையாக வைத்துத் தன் கேலியைப் பாதி வழியில் நிறுத்திக்கொள்கிறது. வின்சென்ட்டின் வண்ண ஒளிப்பதிவில் ஆளியாறும் மெரினாவும் இன்றும் புதிதாக இருக்கின்றன என்பது இந்தக் கடைசிக் குறைக்கு ஈடாகாது.

ஒரு மறுப்பு எழலாம். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இந்த மூன்றையும்விட உயர்ந்த படம் ஆயிற்றே? ஆம். 'தங்கப்பதக்க'த்துக்கு முழங்கும் வசனம் எழுதியவர் வசனத்தைக் கிட்டத்தட்டத் துறந்து எடுத்த படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து புறப்பட்டு வேறெங்கோ போய்ச் சேர்ந்த படம். அதை அடிக்கடி பார்க்க முடியாமல் போவதற்குக் காரணம் அதன் குறை அல்ல, விஜயனின் சுந்தரவடிவேலு நம்மிடம் கேட்கும் விலை. ஆகவே நான் இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் மேன்மைக்கான அளவுகோல் அல்ல. திரும்பத் திரும்பப் பார்க்கும்படி இருப்பது ஒரு தனித் தகுதி. அது உச்சங்களால் வருவதில்லை, பகுதிகள் ஒன்றையொன்று தாங்குவதால் வருகிறது.

அந்தத் தகுதியில் 'காதலிக்க நேரமில்லை' முதலில் நிற்கிறது, 'அந்த நாள்' அதற்கு அடுத்து. 'தில்லானா' கடைசி, அதன் முதல் பாதி மட்டும் என்றால் முதலிடத்துக்கே போட்டியிடும். 'தில்லானா'வை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கத் தொடங்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். 'காதலிக்க நேரமில்லை'யைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவர வேண்டும். திகில் கதைக் காட்சியை யூடியூபில் தனியாக எடுத்துப் பார்க்கிறவர், அந்தத் தகப்பன் மகனின் படத்துக்குக் காசு தர மறுப்பவர் என்பதை அறியாமல், பாதிச் சிரிப்பே சிரிக்கிறார்.