பன்னிரண்டு சீசர்களும் ஒரு விக்கும்

ரோமானிய வெள்ளிக்காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு பெரிய கனவு உண்டு. ஜூலியஸ் சீசரில் தொடங்கி டொமிஷியன் வரை ஆளுக்கொரு டினாரியஸ், ஆக மொத்தம் பன்னிரண்டு. இந்தப் பட்டியல் நாணயவியலில் பிறந்ததல்ல. சுவெட்டோனியஸ் எழுதிய பன்னிரண்டு வாழ்க்கை வரலாறுகளின் வரிசை அது. முதல் ஆளான சீசர் பேரரசரே இல்லை என்பதைக்கூட யாரும் பெருசா கண்டுக்கிறதில்லை.

தொகுப்பு முழுசாகணும்னா ஓதோ வேணும். கி.பி. 69 ஜனவரி நடுவில் வந்து ஏப்ரல் நடுவில் தற்கொலை செய்துகொண்டவர். மூன்று மாத ஆட்சி, அதனால் காசும் குறைவு, விலையும் அதிகம். கையில் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அவர் முடியைத்தான். ஓதோ விக் வைத்திருந்தார் என்று சுவெட்டோனியஸ் சொல்லிவிட்டாரே! வரிவரியாகப் படிந்த அந்த முடி விக்கேதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனா பாருங்க, நீரோவின் கடைசிக் காலக் காசுகளிலும் முடி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. அவர் தலையில் யாரும் விக் மாட்டுவதில்லை. புத்தகத்தில் படித்ததைக் காசில் பார்த்துவிட்டு, காசே சாட்சி சொன்னதா நினைச்சுக்கிறோம்.

முகம் எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு அகஸ்டஸ் போதும். எழுபதைத் தாண்டியும் காசில் இளைஞர்தான். வழுக்கையும் சுருக்கமுமாக இருக்கும் வெஸ்பாசியனை ‘உண்மையான முகம்’ என்று புகழ்கிறார்கள். எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. நீரோவின் ஆடம்பரத்துக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு வந்தவருக்கு, கிழட்டுச் சிப்பாய் முகத்தைவிட நல்ல விளம்பரம் எது?

நீரோ காசுகளில் முகம் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகும். காசு மட்டும் இளைத்தது. ஒரு பவுண்டு வெள்ளியில் 84 டினாரியஸ் அடித்த இடத்தில், கி.பி. 64 வாக்கில் 96 அடித்தார்கள். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. முகத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. கொங்கு நாட்டில் வெள்ளி கொண்டு வியாபாரம் செய்தவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். 1842-இல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட டினாரியஸ்கள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸும் டைபீரியஸும்தான். நீரோவின் மாற்றத்துக்குப் பிந்தைய வெள்ளி தென்னிந்தியப் புதையல்களில் மிகக் குறைவு.

பன்னிரண்டு பேர் கணக்கில் வெள்ளலூர் காசுகள் சலிப்பானவை, ஒரே முகம் திரும்பத் திரும்ப. ஆனால் அந்தச் சலிப்புதான் அதன் செய்தி. புதையலை உடைத்து ஆளுக்கொன்றாக விற்றுவிட்டால் அந்தச் செய்தி போச்சு, மிஞ்சுவது விலை குறைந்த ஒரு டைபீரியஸ். 1898-இல் புதுக்கோட்டையில் கிடைத்த பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேலேயே உளி வெட்டு இருக்கிறது. இப்படி வெட்டுப்பட்ட காசு தனியாக விற்பனைக்கு வந்தால் அதற்குப் பெயர் ‘சேதம்’. இங்கே அந்தக் காசை ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு இருக்கிற ஒரே தடயத்துக்கு இப்படி ஒரு பெயர்!

டைபீரியஸ் தன் நீண்ட ஆட்சியில் பெரும்பாலும் ஒரே டினாரியஸைத்தான் அடித்தார்: முன்னால் அவர் தலை, பின்னால் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். நாற்காலியின் கால்கள் சில காசுகளில் வெறுமையாக இருக்கும், சிலவற்றில் கடைசல் வேலைப்பாட்டோடு இருக்கும். ஓதோ ஒன்றுக்குக் கொடுக்கிற பணத்தில் இந்த நாற்காலிகளில் பல வாங்கலாம்.