நூலக முற்றத்தில் சோதனை நாடகம்

நூலகம் என்றவுடன் அமைதியே நம் நினைவுக்கு வரும். உரக்கப் பேசுவோரை நூலகர் கண்ணாலேயே கண்டிப்பார். அத்தகைய இடத்தில் உடுக்கை ஒலிப்பதும் நடிகர் குரல் எழுப்புவதும் பொருந்துமா என ஆசிரிய நண்பர் ஒருவர் என்னை வினவினார். பொருந்தும் என்பதே என் விடை. ஆயினும் அங்கு நிகழ்வன எல்லாம் சோதனை நாடகம் என்னும் பெயருக்கு உரியனவா என்பது வேறு வினா. அதனையே ஈண்டு ஆராய விழைகின்றேன்.

சிங்கப்பூரில் நூலகமும் நாடகமும் நெருங்கிய அண்டை வீட்டார். 2002ஆம் ஆண்டு செப்டம்பரில் எஸ்பிளனேட் கலையரங்கில் நிகழ்கலைகளுக்கென்றே ஒரு பொது நூலகம் திறக்கப்பெற்றது. அதனுள்ளேயே சிறு மேடையும் அமைந்தது. 2005ஆம் ஆண்டு விக்டோரியா தெருவில் எழுந்த தேசிய நூலகக் கட்டடத்தின் 3 முதல் 5 வரையிலான மாடிகள் டிராமா சென்டர் எனப்படும் நாடக நிலையத்திற்கு ஒதுக்கப்பெற்றன. அதன் பேரரங்கில் 615 பேரும் சிற்றரங்கில் 120 பேரும் அமரலாம். (கட்டடத்தை வடிவமைத்த கென் யாங் பினாங்கில் பிறந்தவர் என்பது மலேசிய வாசகர்க்கு உவப்பளிக்கும்.) இவற்றினும் என் கருத்தைக் கவர்வது தரைத்தளத்துத் திறந்த முற்றமே. மேலே அரங்கிற்கு வருபவர் சீட்டு வாங்கி, இன்ன மொழி நாடகம் என அறிந்து வருபவர். முற்றத்தில் நிற்பவரோ இரவல் நூலைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். பிடிக்கவில்லையெனில் நடந்துவிடுவார். நடிகர்க்கு இதனினும் கடுமையான தேர்வு வேறில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1960 முதல் 2004 வரை ஸ்டாம்போர்டு சாலையில் விளங்கிய பழைய தேசிய நூலகத்திற்கு வித்திட்டது, 1953இல் வள்ளல் லீ கோங் சியான் வழங்க முன்வந்த 375,000 வெள்ளியாகும். நூலகம் கட்டணமின்றி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும், இங்குள்ளோரின் தாய்மொழிகள் அதில் பேணப்படுதல் வேண்டும் என்பன அவர் விதித்தவை. ஆதலின் அவ்வழி வந்த நூலகத்தில் தமிழ் விருந்தாளி அன்று, வீட்டுக்காரருள் ஒருவர்.

இவ்வுரிமையோடுதான் நூலக முற்றம் ஒன்றில் பன்மொழி இளைஞர் நிகழ்த்திய நிகழ்ச்சியைக் காணச் சென்றேன். விரித்த நூல்களால் முகம் மறைத்தவாறு அவர்கள் கூட்டத்தினூடே நடந்தனர். அத்தொடக்கம் உண்மையிலேயே நன்று. நின்று பார்த்தவர் பலர். பின்னர் ஆங்கிலத்தில் நெடுநேரம் சொற்போர் நிகழ்ந்தது. இடையில் உடுக்கையொலி எழ, தமிழ்ப்பெண் ஒருத்தி முன்வந்து நான்கு தொடர்கள் சொல்லி, கைகூப்பி, ஒதுங்கினாள். அவள் நாவில் ழகரம் வழுவாமல் நின்றது. அவள் ஆசிரியர் மகிழலாம். ஆனால் அந்நான்கு தொடர்களை நீக்கினாலும் நாடகம் எள்ளளவும் குறையாது என்பதே என் மனக்குறை. அருகில் நின்ற சீனப் பெரியவர் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். "யாரிடம் சொன்னாள்?" என்று மீண்டும் கேட்டார். எனக்கு விடை தோன்றவில்லை.

விடை வேறொரு நாடகத்தில் இருக்கிறது. குவோ பாவ் குன் படைத்து 1988ஆம் ஆண்டு அரங்கேறிய "அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்" என்பது அது. விக்டோரியா தெரு நூலகம் அன்று தோன்றவேயில்லை. எனினும் நம் பன்மொழிச் சோதனைகளுக்கெல்லாம் அதுவே அளவுகோல் என்பேன். தாய் பேசுவது ஹொக்கியன். பிள்ளைகள் பேசுவன ஆங்கிலமும் மாண்டரினும். வயிற்றில் பிறந்தோரோடு பேச வழியற்ற அத்தாய், பூனையைத் தேடும் வழியில், தன்னைப் போலவே பூனையைத் தேடும் முதியவர் ஒருவரைக் காண்கிறாள். அவர் பேசுவது தமிழ். இருவரும் தத்தம் மொழியிலும் கையசைவிலுமாகப் பேசி ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். அங்கே தமிழ், கேட்க ஆளுள்ள மொழி. அம்முதியவரின் தமிழை அகற்றின் நாடகத்தின் உயிர்நிலையே போய்விடும். அவையில் தமிழறிந்தவர் முதியவரை முழுதும் அறிவார், தாயைச் சைகையால் அறிவார். ஹொக்கியன் அறிந்தவர்க்கு இது தலைகீழாகும். ஒரே மேடையில் இருவேறு நாடகங்கள்! மேடையில் பல மொழிகளை வரிசையாக நிறுத்துவதால் மட்டும் இது கைகூடாது.

தமிழர் சோதனைக்கு அஞ்சியவர் என்று எவரும் கருதற்க. இளங்கோவனின் அக்னி கூத்து போன்ற குழுக்கள் துணிவின் எல்லை வரை சென்றவை. இடையூறு வேறு திசையிலிருந்தும் வந்தது. எழுத்துப் பிரதியில்லாத நிகழ்த்துகலைக்கும், பார்வையாளர் இடைபுகும் மன்ற நாடகத்திற்கும் 1994 முதல் 2003 வரை அரசு மானியம் கிட்டவில்லை. இத்தகைய முயற்சிகள் தளர்ந்ததற்கு இது ஒரு காரணம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

பிரதியில்லாத நாடகத்தை நூலகம் எவ்வாறு பேணும் என்னும் சிக்கலும் உண்டு. நாட்டின் 50ஆம் ஆண்டாகிய 2015இல் உள்ளூர்த் தமிழிலக்கிய நூல்கள் மின்வடிவில் தொகுக்கப்பெற்றன. அச்சேறியவை அங்ஙனம் பிழைத்தன. முற்றத்தில் பேசப்பட்ட சொல்லோ அன்று மாலையே காற்றோடு போகிறது. அந்நான்கு தொடர்களை நான் வீடு திரும்பியதும் எழுதிவைத்தேன். நிகழ்ச்சிக்குத் தம் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், மறுநாள் வகுப்பில் கேட்டதை எழுதச் சொல்வாராயின், யார் யாரிடம் பேசினார் என்பதையும் உடன் எழுதச் சொல்லலாம்.