சித்திர விவிலியமும் சிறுவர் உள்ளமும்

குழந்தை முதன்முதற் கற்பது எழுத்தையன்று, படத்தை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் வருமுன்னரே படம் அதன் நெஞ்சிற் குடிகொண்டுவிடுகிறது. பின்னர் ஆயிரம் நூல் கற்பினும் அங்ஙனம் பதிந்த உருவம் எளிதில் அழிவதில்லை. ஆதலின் குழந்தைக்குச் சித்திர நூல் வாங்கும் பெற்றோர் விளையாட்டுப் பொருள் வாங்குவதாக எண்ணலாகாது. ஓர் ஆசிரியரை வீட்டிற்கு அழைத்து வருவதாகவே எண்ணுதல் வேண்டும். விவிலியக் கதைகளைப் படங்களோடு சொல்லும் சிறுவர் நூல்களை எவ்வாறு தேர்வது என்று ஈண்டு ஆராயப் புகுந்தது இக்கருத்துப் பற்றியே.

பினாங்குத் தமிழர்க்கு இஃது அயலார் வீட்டு விஷயமன்று. ஜார்ஜ் டவுனில் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியது 1816இல். புனித ஜார்ஜ் தேவாலயம் எழுந்தது 1818இல். அத்தேவாலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் வந்துவிடும். இங்கே கிறிஸ்தவத் தமிழ்க் குழந்தை சைவக் குழந்தையோடும் முஸ்லிம் குழந்தையோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறது. புத்தகத்தை வாங்குவது ஒரு வீடாயினும் புரட்டிப் பார்ப்பவை பல வீட்டுக் குழந்தைகள். நோவாவை நூஹ் நபியென்றும், யோனாவை யூனுஸ் நபியென்றும் அறிந்த குழந்தை அருகிலேயே இருக்கிறது. பிறர் வழிபாட்டை இழித்துரைக்கும் ஒரு வரியேனும் இருப்பின் அந்நூல் இவ்வூர்க்கு ஆகாது.

ஒரு நூலை எடுத்தவுடன் நாம் செய்ய வேண்டிய முதற் சோதனை, அது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பது. ஏதேன் தோட்டத்துக் கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் கூறவில்லை. வெறுங் கனி என்றே கூறுகிறது. யோனாவை விழுங்கியது திமிங்கிலம் என்று எபிரேய மூலம் சொல்லவில்லை. பெரிய மீன் என்றே சொல்லுகிறது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் மூவர் என்ற கணக்கு மத்தேயுவில் இல்லை, காணிக்கைகளே மூன்று. இவை சிறு பிழைகளன்றோ என்பீர்கள். சிறியவைதாம். ஆனால் சிறியவற்றை மூலம் பாராமல் எழுதியவர் பெரியவற்றை மட்டும் பார்த்து எழுதியிருப்பார் என்பதற்கு யாது உறுதி? புக்கிட் மெர்த்தாஜாமில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நிகழும் புனித அன்னம்மாள் திருவிழாவை நம் குழந்தைகள் அறிவர். மரியாளின் தாயாகிய அவ்வன்னையின் பெயர் நான்கு நற்செய்தி நூல்களிலும் வருவதில்லை; யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூலொன்றிலேயே வருகிறது. மரபைக் கூறுதல் குற்றமன்று. மரபை மரபென்று கூறாமையே குற்றம்.

இரண்டாவது சோதனை, கதையின் கசப்பை நூல் என் செய்கிறது என்பது. பல நூல்களில் நோவாவின் பேழை ஒரு மிருகக் காட்சிச் சாலையாகவே மிதக்கிறது. ஒட்டகச் சிவிங்கி தலையை நீட்டிச் சிரிக்கிறது, வானவில் வளைகிறது, கதை முடிகிறது. இத்தகைய நூலொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி, "கப்பலில் ஏறாதவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டாள். நூலில் விடையில்லை, படித்துக் காட்டியவரும் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அக்கேள்வியன்றோ கதையின் உயிர்! பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1866இல் வெளியிட்ட விவிலியப் படங்களில் வெள்ளத்தின் நடுவே ஒரு பாறை தெரிகிறது. தாய் தந்தையர் மூழ்கும் தறுவாயிலும் தம் மக்களை அதன்மேல் ஏற்றுகின்றனர். அங்கே குட்டியோடு ஒரு புலியும் ஒதுங்கி நிற்கிறது. இதனை நாலு வயதுக் குழந்தைக்குக் காட்டுக என்று நாம் கூறோம். ஆயினும் சிரிக்கும் சிவிங்கிக்கும் இப்பாறைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பீட்டர் ஸ்பியர் 1977இல் வெளியிட்டு, மறு ஆண்டில் கால்டிகாட் பரிசு பெற்ற 'நோவாவின் பேழை' அவ்வழியைக் காட்டுகிறது. பெரும்பாலும் சொற்களின்றிப் படங்களாலேயே நடக்கும் அந்நூலில், வெளியே விடப்பட்ட விலங்குகளைச் சுற்றி நீர் ஏறுவதும் தெரிகிறது. உள்ளே நோவா ஓயாது உழைப்பதும் தெரிகிறது. அச்சுறுத்தாமலே உண்மை சொல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

யோனாவின் கதையும் இத்தகையதே. மீன் அவனைக் கரையில் உமிழ்ந்ததோடு பல நூல்கள் முடித்துக்கொள்கின்றன. மூலமோ அங்கே முடியவில்லை. பகைவர் நகரமாகிய நினிவே பிழைத்ததே என்று தீர்க்கதரிசி கோபங் கொள்கிறான். இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மாந்தரும் திரளான கால்நடைகளும் வாழும் நகருக்கு இரங்கலாகாதா என்று இறைவன் கேட்கும் கேள்வியோடு நூல் முடிகிறது. மீனை வைத்துக்கொண்டு அக்கேள்வியை எறிந்துவிட்டவர் உமியை வைத்துக்கொண்டு அரிசியை எறிந்தவரே யாவர். 2007இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற சாலி லாய்ட் ஜோன்ஸின் கதை விவிலியம் மற்றொரு வழியிற் செல்கிறது. பழைய ஏற்பாட்டுக் கதை ஒவ்வொன்றையும் இயேசுவின் வருகைக்குக் கைகாட்டியாகவே அது சொல்லுகிறது. நடை இனியது, ஆனால் எல்லாக் கதைக்கும் ஒரே முடிவுரை எழுதினால், யூத மக்கள் தம் கதையாகப் பேணிவந்தவை தம் குரலை இழந்துவிடுமே என்பது நம் கவலை.

மூன்றாவது, நிறம். 1940இல் வார்னர் சால்மன் என்னும் அமெரிக்கர் தீட்டிய கிறிஸ்துவின் முகம் கோடிக்கணக்கில் அச்சாகி உலகெங்கும் பரவிற்று. கலிலேயாவில் வளர்ந்த மேற்காசிய யூதர் ஒருவர் ஐரோப்பியராக மாறிவிட்டார். சித்திர நூல்களிலோ இன்னும் கேடு: நல்லவர் வெளுத்தும், அடிமையும் கள்வனும் கறுத்தும், இயேசுவை எதிர்த்தோர் கோணல் மூக்கோடும் நிற்பதுண்டு. கறுத்த நம் குழந்தை அப்பக்கத்தில் தன்னை எங்கே காணும்? இதற்கு மாற்றுத் தேடிய இந்திய ஓவியர் உண்டு. கோவாவின் ஆஞ்சலோ ட பொன்சேகா மரியாளுக்குச் சேலை உடுத்தினார். ஆல்பிரட் தாமஸ் வரைந்த கிறிஸ்து சரிதப் படங்கள் 1948இல் இலண்டனில் நூலாயின. நம் இலக்கியத்தில் இது புதுமையுமன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவையும், உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டையும் தமிழ் நிலமாகவே பாடினர். வரலாற்றுப்படி வரைந்த நூலொன்றும், நம் மண்ணின் சாயலில் வரைந்த நூலொன்றும் அருகருகே இருப்பின், படம் என்பது ஒருவர் கண்ட காட்சியே என்பதைக் குழந்தை தானே உணரும்.

இறுதியாக, எக்கதைகளைச் சேர்த்தனர் என்று பாருங்கள். கவணெறிந்த தாவீது இல்லாத நூல் அரிது. ஆனால் பார்வோனின் ஆணையை மீறி எபிரேய ஆண்சிசுக்களைக் காத்த மருத்துவச்சியர் சிப்பிராளும் பூவாளும் எங்கே? மாமியாரோடு அயல்நாடு புகுந்து, அறுவடை வயலிற் சிந்திய கதிர் பொறுக்கிய ரூத் எங்கே? கடல் கடந்து ரப்பர் தோட்டத்திற் பிழைக்க வந்தவரின் பேரப் பிள்ளைகளுக்கு அவளைவிட நெருங்கிய உறவு யார்? யாக்கோபின் கிணற்றருகே, தீண்டத்தகாதவளாக யூதர் கருதிய சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதைப் பல நூல்கள் வெறும் தாகக் கதையாக்கிவிடுகின்றன. கிணற்றடியில் மனிதனை மனிதன் விலக்கிய கொடுமையை நன்கறிந்த தமிழரிடத்தில், விலக்கைச் சொல்லாது தாகத்தை மட்டும் சொல்லும் நூல் கதையைச் சொல்லியதாகாது.

ஆகவே பெற்றோர்களே, அட்டையின் பளபளப்பிலும் கதைகளின் எண்ணிக்கையிலும் மயங்காதீர். வாங்குமுன் இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் நாவில் இடறினால் குழந்தையின் செவியிலும் இடறும். வெள்ளத்தின் பக்கத்தையும், யோனாவின் கடைசிப் பக்கத்தையும், கிணற்றடிப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அம்மூன்றிலும் மெய் சொல்லும் நூல் மெலிந்ததாயினும் கொள்க; மறைக்கும் நூல் பொன்னெழுத்தில் அச்சிட்டதாயினும் தள்ளுக. குழந்தை கேள்வி கேட்டால் பக்கத்தைத் திருப்பாதீர். அக்கேள்வியை எழுப்பியதே அந்நூல் செய்த நற்பணி.